பொற்பலகையும் திருமுகமும்

பிள்ளையொன்று மருத்துவம் கற்பதற்கு ஊர்கூடி உதவினால் அதனால் ஊருக்கு என்ன பயன் என்று எவரும் கேட்பதில்லை. சில ஆண்டுகளில் ஒரு வைத்தியர் உருவாகுவார். பொறியியல் கற்கும் பிள்ளைக்கு உதவினாலும் அவ்வாறே. ஆனால் வயலினோ மிருதங்கமோ நாதஸ்வரமோ பயிலும் பிள்ளைக்கு ஊர்ப்பணத்திலிருந்து புலமைப்பரிசில் வழங்கலாமா என்ற பேச்சு பொதுக்கூட்டத்திலே எழுந்தால் சபை இரண்டுபடும். “முதலிலே படிப்பைப் பார்க்கட்டும், பாட்டுச் சோறு போடுமோ?” என்பார் ஒருவர். “கோயிலிலே பாடுகிற பிள்ளைக்குக் கோயில் கொடுக்காமல் வேறு ஆர் கொடுக்கிறது?” என்பார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. அதனாலேயே கூட்டம் முடிவின்றிக் கலையும்.

அண்மைக் காலத்திலே ஆலய பரிபாலன சபைகளும், சனசமூக நிலையங்களும், கடல்கடந்து வாழும் ஊர்மக்களின் சங்கங்களும் இசை பயிலும் சிறாருக்குப் பரிசில் வழங்குவதும், மகோற்சவ காலத்தில் மேடை ஏற்றுவதும் பெருகி வருகின்றன. போற்றத்தக்க பணி. எனினும் நற்பணி என்ற ஒரே காரணத்தினாலே அதனுள் அடங்கியுள்ள வினாக்கள் கேட்கப்படாமற் போகின்றன. கொடுக்கப்படுவது தானமா, கூலியா, கடனா? பெற்ற பிள்ளை யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டது? ஐந்தாறு வருடம் உதவி பெற்ற ஒருவன் வாத்தியத்தைக் கைவிட்டுவிட்டால் அவன் ஊரை ஏமாற்றியவனா?

சைவ மரபிலே இறைவன் தானே கலைஞனுக்குப் புரவலனாகி நின்ற வரலாறுகள் உள. அவற்றைப் பக்திக் கதைகளாகக் கேட்டுக் கைகூப்பிவிட்டுப் போவது வழக்கம். கொடுப்பவன் எப்படிக் கொடுத்தான் என்று சற்று நின்று பார்ப்பவர் குறைவு.

மதுரையிலே ஆலவாய்ப் பெருமானை யாழிசைத்துப் பாடி வந்தவர் பாணபத்திரர். அவருடைய வறுமையைத் தீர்க்கத் திருவுளங்கொண்ட பெருமான், சேரமான் பெருமாளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் வைத்துப் போற்றப்படும் திருமுகப்பாசுரம் அதுவே. இன்றைய வழக்கிலே சொன்னால் சிபாரிசுக் கடிதம். அதன் செய்தி மிகச் சிறியது. பாணபத்திரன் உன்னைப் போலவே என்மீது அன்புடையவன், உன்னைக் காண வருகிறான், பொருள் கொடுத்து அனுப்பிவை என்பதுதான்.

அச்சிறிய செய்தியில் இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கவை. உன்னைப் போலவே என்று சொன்னதன் மூலம் அரசனும் பாணனும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுவிட்டனர். கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற படி அங்கே இல்லை. அடுத்தது, அனுப்பிவை என்ற சொல். உன் அரண்மனையிலே வைத்துக்கொள், உன் புகழைப் பாடச் செய், ஆண்டுதோறும் வந்து முகம் காட்டச் சொல் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. பெற்றவன் தன் வழியே போகவேண்டும், அவ்வளவே. கடிதத்தைக் கண்ட சேரமான் தன் பண்டாரத்தைத் திறந்து, அரசையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார் என்றும், பாணரோ தமக்கு வேண்டுமளவே ஏற்றுத் திரும்பினார் என்றும் பெரியபுராணம் கூறும். கொடுத்தவர் பிடித்து வைக்கவில்லை, வாங்கியவர் அளவு மீறவில்லை. நூற்றுக்கணக்கான வருடங்களுக்கு முன் சொல்லப்பட்ட இவ்வரலாற்றுக்கு ஈடான புலமைப்பரிசில் விதிமுறை எந்தச் சங்கத்தின் யாப்பிலும் இருக்குமா என்பது சந்தேகமே.

மற்றைய வரலாறு திருநீலகண்ட யாழ்ப்பாணருடையது. அவர் மதுரையிலே சந்நிதிக்கு வெளியே நின்று யாழ் வாசித்தார். பெருமான் அடியார்களின் கனவிலே தோன்றி அவரை உள்ளே அழைத்துவரச் செய்தார். உள்ளே நின்று வாசிக்கும்போது, தரையின் குளிர்ச்சி தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், அவருக்குப் பொற்பலகை இடுங்கள் என்று வானில் ஒரு வாக்கு எழுந்தது. பொற்கிழி கொடுங்கள், பட்டம் சூட்டுங்கள் என்று அந்த வாக்குச் சொல்லவில்லை. யாழ் பழுதாகக்கூடாதே என்ற கவலைதான் அங்கே முன்னின்றது. வாத்தியத்தின் நலத்தை அறிந்தவன் கொடுக்கும் கொடை அப்படித்தான் இருக்கும். திருமுகம் வறுமைக்கு மருந்து. பொற்பலகை கலைக்கு இடம். உதவி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பிட்டாலும் அவை ஒன்றுக்கொன்று ஈடாகா.

அதே யாழ்ப்பாணருக்குத் திருவாரூரிலே வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டதாகவும் புராணம் பேசும். இறைவன் வழி திறந்தான் என்று மகிழலாம். அவருக்கு ஏன் வேறு வாயில் வேண்டியிருந்தது என்றும் கேட்கலாம். ஈழத்திலும் ஆலயக் கதவுகள் எல்லோருக்கும் ஒரே நாளிலே திறந்துவிடவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் பலருக்கு இன்னும் நினைவில் உள்ளது. சுவாமிக்கு முன்னே நின்று மேளம் வாசித்தவர்களை வீட்டுத் திண்ணைக்கு மேலே அழைக்காத காலமும் இருந்தது. ‘எமது பாரம்பரியக் கலை’ என்று மேடையிலே முழங்குபவர்கள் அந்தக் கலையைச் சுமந்து வந்தவர்களுக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்தது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். மேளகாரர் வீட்டுப் பிள்ளைகள் உயர்தரம் படித்து அலுவலக வேலைக்குப் போக விரும்பினால் அதிலே குறைசொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. அவமானத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பரம்பரைச் சொத்து அவர்களுக்குக் கைமாறியது.

இனி, இன்றைய பரிசளிப்பு விழாவைப் பார்க்கலாம். பிள்ளையின் பெயர் வாசிக்கப்படுகிறது. காசோலை, கேடயம், பொன்னாடை, புகைப்படம். இவை திருமுகத்தின் சாயல். பொற்பலகையின் சாயலாக மகோற்சவத்தில் ஒரு நாள் கச்சேரி ஒழுங்கு செய்யப்படுகிறது. எந்த நேரத்தில்? வசந்தமண்டபப் பூசை முடிந்து சுவாமி வெளிவீதி எழுந்தருளும் வேளையில். சனம் எல்லாம் சுவாமியின் பின்னே போய்விட, வெறுங்கதிரைகளுக்கு முன்னே பிள்ளை பாடுகிறது. கிடைப்பது இருபது நிமிடம். அதற்குள் ஒலிபெருக்கிக்காரர் சுருதிப்பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். இடையிலே வாகனம் ஒன்றை வழியிலிருந்து அகற்றும்படி அறிவித்தல். கடைசிக் கீர்த்தனையின் நடுவிலே உபயகாரருக்கு நன்றியுரை. பிறகு சினிமாப் பாட்டு இசைக்குழு மேடையேறும்போது கதிரைகள் நிரம்புகின்றன. அவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பங்குகூட அந்தப் பிள்ளைக்கு உதவியாகக் கொடுக்கப்பட்டிராது. இசைக்குழுவினர்மீது குற்றமில்லை, அவர்களும் உழைப்பவர்கள். ஆனால் இதற்கு ‘வளரும் கலைஞருக்கு மேடை வழங்கினோம்’ என்று ஆண்டறிக்கையில் எழுதுவது பொய்.

மேடை என்பது பலகையும் பந்தலும் மாத்திரமன்று. தோடியையோ கல்யாணியையோ எடுத்து ஆலாபனை செய்யும் பிள்ளைக்கு இராகத்தின் உருவம் தன் குரலிலே பிடிபடவே பத்து நிமிடம் செல்லும். பக்கவாத்தியக்காரரோடு முன்பே இருந்து பழகிய ஒத்திகை வேண்டும். எல்லாவற்றிலும் மேலாகக் கேட்கும் காது வேண்டும். முன்வரிசையிலே தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், பிசகிய இடத்திலே தலையை அசைக்காமலும் நன்றாக விழுந்த இடத்திலே மெல்ல அசைத்தும் இருப்பாரானால், அது ஆறு மாத வகுப்புக்குச் சமம்.

யாழ்ப்பாணத்து ஆலய வீதிகள் ஒருகாலத்தில் அத்தகைய காதுகளால் நிறைந்திருந்தன. சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி வாசித்து, வீதியிலே நின்று நின்று இராகம் வளர்த்து, விடியும்வரை மேளம் கேட்ட சனம் அது. ஒரே திருவிழாவுக்குப் பல கூட்டத்து மேளங்களை அழைத்து, தமிழகத்து வித்துவான்களையும் வருவித்து, யாருடைய வாசிப்பு மேலென்று சந்தியிலே நின்று வாதிட்ட ஊர்கள் உண்டு. தவில்மேதை தட்சணாமூர்த்தி (1933-1975) அந்தச் சூழலிலே விளைந்தவர். தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. வீட்டிலே கற்றதை வீதியிலே தீட்டி, பின் தமிழகம் சென்று அங்குள்ள பெரும் வித்துவான்களே வியக்க வாசித்தார். அளவெட்டி என். கே. பத்மநாதனின் (1931-2003) நாதஸ்வரத்துக்கும் அதே வீதிகள்தாம் கல்லூரி. அக்காலத்தில் புலமைப்பரிசில் நிதி என்று எதுவும் இருந்ததில்லை. சன்மானமும் அதிகமில்லை. ஆயினும் கேட்பதற்கு ஆள் இருந்தது. பொருளுதவி வேண்டாமென்பதற்கு இதனை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாகாது. அந்த வித்துவான்களின் குடும்பங்கள் பட்ட பாட்டை ஊர் கணக்கெடுத்ததில்லை.

கற்பிக்கும் வசதி ஈழத்திலே குறைந்துவிடவில்லை என்பதும் உண்மை. வட இலங்கைச் சங்கீத சபை 1931 இலிருந்து தரந்தரமாகப் பரீட்சை நடத்தி, ஆறாந்தரம் முடித்தோருக்குக் கலாவித்தகர் பட்டம் வழங்கி வருகிறது. மருதனார்மடத்திலே 1960 இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி, 1975 இல் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்புக்கு வழிவகுத்தது. மட்டக்களப்பிலே விபுலாநந்த அடிகளின் பெயரால் அமைந்த இசை நடனக் கல்லூரி பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாக வளர்ந்தது. இவற்றிலிருந்து வெளிவரும் பிள்ளைகள் பலர் பாடசாலைகளிலே சங்கீத ஆசிரியர்களாகின்றனர். நல்லதே. ஆனால் பட்டம் கையில் வந்த நாளோடு கச்சேரி நின்றுவிடுவதும் கண்கூடு. பெண்பிள்ளைகளுக்குத் திருமணத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு அவர்களைக் காரணம் சொல்வது எளிது, பொருந்தாது.

இங்கேதான் கடன் பற்றிய வினா வருகிறது. ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து ஊர்ச் சங்கம் வயலின் கற்க உதவியது என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டாம் வயதில் அவன் கனடா போய்விட்டான். இரவு வேலை, பகல் உறக்கம். வயலின் பெட்டியோடு அலுமாரியின் மேலே. ஊரிலே பேச்சு எழும்: “அவனுக்குக் குடுத்த காசு ஆத்திலே போட்ட மாதிரி.” இந்தப் பேச்சு நியாயமானதா?

நியாயமன்று. பரிசில் கொடுத்தபோது எவரும் அவனோடு முறி எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருந்தாலும் அது அறமாகாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையொப்பத்தால் முப்பது வயதுக்காரனைக் கட்டுதல் கூடாது. மேலும், பத்து வருடம் சுருதியோடு வாழ்ந்த மனம் வெறுமையாகிவிடுவதில்லை. ஆனால் அவனுக்குக் கடமையே இல்லை என்று சொல்வதும் மறுகோடிக்குப் போவதாகும். கடமை உண்டு. அது யாரை நோக்கியது என்பதிலேதான் பிழை நேர்கிறது.

பத்துப்பாட்டு என்னும் தொகுதியிலே உள்ள பத்துப் பாட்டுகளில் ஐந்து ஆற்றுப்படைகள். தமிழருக்கே உரிய அந்த இலக்கிய வகையின் அமைப்பு மிக எளியது. வள்ளலிடம் பரிசில் பெற்று வருகின்ற ஒரு பாணனோ பொருநனோ கூத்தனோ, வழியிலே பசியால் வாடிய வேறொரு கலைஞனைக் காண்கிறான். கண்டவன் தன் பொதியை இறுக்கிக் கட்டிக்கொண்டு விலகிப் போகவில்லை. இந்த வழியாற் போ, இன்ன ஊரிலே இன்ன உணவு கிடைக்கும், இன்னாரிடம் செல், நான் இப்படிப் போய்த்தான் இதனைப் பெற்றேன் என்று வழி சொல்லுகிறான். திருமுருகாற்றுப்படையிலே அந்த வழி முருகப்பெருமானிடமே கொண்டு செல்கிறது. கொடுத்த வள்ளல் இதைச் செய்யும்படி கட்டளையிட்டதாக எங்குமில்லை. பெற்றவன் தானாகவே செய்கிறான். பெற்றதன் கடன் கொடுத்தவனிடம் திரும்பிப் போகவில்லை. அடுத்தவனிடம் முன்னோக்கிப் போகிறது. கொடுத்தவனுக்குப் புகழும் அந்த வழியாகவே சேர்கிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கனடாவிலே இரவு வேலை செய்யும் அந்த இளைஞன் ஆண்டுதோறும் ஆலயத்துக்குக் காசு அனுப்புவதைக் காட்டிலும், ஞாயிற்றுக்கிழமையிலே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது பெரிய கைம்மாறு. அந்தப் பிள்ளைகள் ஈழத்தைக் காணாதவர்களாக இருந்தாலும் பாதகமில்லை. திருமுறைகளின் பண்முறை எப்படித் திரும்பக் கிடைத்தது? நம்பியாண்டார் நம்பி காலத்தில் ஏடுகள் கிடைத்த பின்னும் பாடும் முறை தெரியாதிருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே வந்த ஒரு பெண்ணைக்கொண்டு பண்கள் வகுக்கப்பட்டன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அவர் பொற்பலகையில் ஏறியவரல்லர். தம் வீட்டிலே வாய்வழியாக வந்ததை விடாமல் வைத்திருந்தவர்.

யாருக்குக் கொடுப்பது என்பதும் இலேசான வினாவன்று. பரீட்சையில் அதிசிறப்புச் சித்தி பெற்ற பிள்ளைக்கே பரிசில் என்று விதி வைத்தால் அது நீதியாகத் தோன்றும். ஆனால் பதினான்கு வயதிலே திறமை என்று மேடையில் தெரிவது பெரும்பாலும் ஏழு வயதிலிருந்து கட்டிய வகுப்புக் கட்டணந்தான். வீட்டிலே வாத்தியம் உள்ள பிள்ளைக்கும், வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டிலே தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கும் ஒரே பரீட்சை வைத்து முதல் பிள்ளைக்குப் பணம் கொடுத்தால், இருப்பவனுக்கே மேலும் கொடுத்ததாகிறது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்திலே கடைந்தெடுத்த நாதஸ்வரமும் சீவாளியும் தமிழகத்திலிருந்து வரவேண்டியவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டபோது, வயலின் தந்திகூட ஒரு கூலித்தொழிலாளியின் வீட்டுக்கு எட்டாப் பொருளாயிற்று. அவ்வாறான வீட்டிலிருந்து விண்ணப்பமே வராது. விண்ணப்பம் வராததைக் கொண்டு ஆர்வமில்லை என்று தெரிவுக்குழு முடிவு செய்துவிடும்.

மேடையிலே தவறுகின்ற பிள்ளையையும் மறக்கலாகாது. சம்பந்தப் பெருமானின் பதிகங்களுக்குப் புகழ் யாழினால் வந்தது என்று சுற்றத்தார் பேசியதைக் கேட்டு வருந்திய யாழ்ப்பாணர், யாழிலே அடங்காத ஒரு பதிகம் பாடும்படி வேண்ட, தருமபுரத்திலே யாழ்முரிப் பதிகம் பாடப்பெற்றது. வாசிக்க முடியாமற்போன யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து, இயன்ற அளவு வாசியும் என்றார். இத்தனைக்கும் அவர் பொற்பலகை பெற்ற மகாகலைஞர். ஆலய மேடையிலே சரணத்தை மறந்து கண்ணீரோடு இறங்கிய பிள்ளைக்கு அடுத்த வருடமும் அதே இடம் ஒதுக்கப்படுகிறதா, அல்லது பெயர் பட்டியலிலிருந்து சத்தமின்றி நீங்கிவிடுகிறதா?

சில இடங்களிலே பணமாகக் கொடுப்பதை விட்டு வாத்தியமாகக் கொடுக்கலாமென்ற யோசனை பேசப்படுகிறது. ஆலயத்தின் பெயரிலே நான்கு வயலின், மூன்று மிருதங்கம், ஒரு தவில், ஒரு நாதஸ்வரம் வாங்கி, தேவையுள்ள பிள்ளைகளுக்கு இரவலாகக் கொடுப்பது. பிள்ளை சொந்தமாக வாங்கும் வசதி வந்ததும், அல்லது கற்பதை நிறுத்தியதும், வாத்தியம் அடுத்த பிள்ளைக்குப் போவது. யாருக்கும் யாரும் கடனாளியில்லை. நிறுத்திய பிள்ளையைக் குறைசொல்லவும் இடமில்லை. வாத்தியமே ஆற்றுப்படுத்திக்கொள்ளும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி உடனே எழும். மிருதங்கத்துக்கு வலந்தலை மாற்றவும், வயலினுக்குத் தந்தி போடவும், சீவாளி வாங்கவும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு தொகை ஒதுக்கப்படவேண்டும். ஒரு நாள் இசைக்குழுச் செலவு அதற்கு ஏறக்குறைய போதும். வாத்தியங்களை வாகனசாலையிலே பூட்டி வைப்பது மட்டும் ஆகாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அங்கே ஈரம் இறங்கும், தோல் தளரும், ஒட்டுவிடும். பிள்ளையின் வீட்டிலே, நாளாந்தம் கைபடும் இடத்திலே அவை இருக்கட்டும்.